ஜூடோ கிளாஸ், முதல் வருடம்: வாசல் பலகையில் எழுதியிருப்பது கிடைக்கிறதா?

தற்காப்புக் கலை சொல்லித்தரும் இடம் எதுவானாலும் வாசல் பலகையில் மூன்று சொற்கள் தவறாமல் இருக்கும்: தன்னம்பிக்கை, ஒழுக்கம், மன உறுதி. சேர வருகிறவர்களில் பாதிப்பேர், அதிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர், இந்த மூன்றுக்காகத்தான் வருகிறார்கள். அடிதடியெல்லாம் அவர்களுக்கு இரண்டாம்பட்சம். ஆகவே ஜூடோவின் முதல் வருடத்தை அந்தப் பலகையை வைத்தே எடைபோடுவதுதான் நியாயம். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று கிளாஸ், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், வெள்ளை பெல்ட்டோடு தொடங்கும் ஒருவர். அவருக்கு என்ன கிடைக்கும், எங்கே ஏமாறுவார், எதைப் பார்த்துவிட்டுச் சேர வேண்டும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மாஸ்டர் நல்லவராக அமைந்தால் பலகையில் எழுதியிருப்பது பெரும்பாலும் கிடைக்கிறது. ஆனால் அது வரும் வழியை யாரும் விளம்பரம் செய்வதில்லை: விழுவது, தோற்பது, இன்னொருவரின் பயிற்சிக்குத் தன் உடம்பைக் கொடுப்பது. இவற்றை ஒப்புக்கு நடத்திவிட்டு மெடலையும் பெல்ட்டையும் பெரிதாகக் காட்டும் இடத்தில் பணமும் போகும், நேரமும் போகும்.

முதல் ஆறு முதல் எட்டு வாரம் உக்கெமி. அடிபடாமல் விழும் முறை. புதிதாக வருகிறவர் எதிராளியைத் தூக்கி வீசும் கனவோடு வந்திருப்பார். இங்கே அவரை மேட்டில் (பயிற்சி விரிப்பில்) படுக்கவைத்துக் கையால் தரையைத் தட்டச் சொல்வார்கள். இரண்டாவது வாரமே அலுப்புத் தட்டும். ஆனால் இந்தப் பகுதி எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தாலே அந்த இடத்தின் தரம் தெரிந்துவிடும்.

பின்பக்கம் விழுவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மல்லாந்து படுத்தபடி கைத்தட்டு மட்டும். அடுத்து உட்கார்ந்த நிலையிலிருந்து, பிறகு குந்திய நிலையிலிருந்து, கடைசியாக நின்ற நிலையிலிருந்து. குந்தி விழும்போது இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இடுப்பைக் குதிகாலுக்கு ஒட்டினாற்போல் இறக்கி, முதுகை வளைத்து உருள வேண்டும். மேல்முதுகு மேட்டைத் தொடும் அதே நொடியில் இரண்டு கைகளும் உள்ளங்கை கீழ்நோக்கியபடி, விரல்நுனி முதல் முழங்கை வரை ஒரே வீச்சில் மேட்டை அறைய வேண்டும். கைகள் உடம்பிலிருந்து 30 முதல் 45 டிகிரி விலகியிருக்க வேண்டும். முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். கண் சொந்த பெல்ட்டின் முடிச்சைப் பார்த்தால் முகவாய் தானாக ஒட்டும். மூச்சை வெளியே விட்டபடி விழ வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கை 90 டிகிரிக்கு விரிந்தால் அதிர்வு தோள்மூட்டில் இறங்கும். உடம்போடு ஒட்டிக்கொண்டால் தன் கைமேலேயே விழ நேரும். பயத்தில் கையைப் பின்னால் ஊன்றுவதுதான் மிக மோசம். மணிக்கட்டு, முழங்கை, காறை எலும்பு மூன்றில் ஒன்று பதம் பார்க்கப்படும். பக்கவாட்டில் விழும்போது கால்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கணுக்கால் எலும்புகள் மோதிக்கொள்ளும். முகவாய் தளர்ந்தால் தலை பின்னால் சொடுக்கி மேட்டில் இடிக்கும். களைப்பு ஏற ஏற முகவாய்தான் முதலில் தளர்கிறது. அதனால் தெரிந்த மாஸ்டர் கிளாஸின் தொடக்கத்தில் மட்டுமல்லாமல் எல்லோரும் சோர்ந்துபோன பிறகும் பத்து உக்கெமி வாங்கிப் பார்ப்பார்.

தன்னம்பிக்கை என்று பலகையில் எழுதியிருக்கிறதே, அது முதலில் தென்படுவது இங்கேதான். படுத்த நிலையிலிருந்து நின்ற நிலை வரை உயரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. ஒவ்வொரு படியும் அன்றைக்கே எட்டக்கூடிய படி. பின்பக்கமாகச் சாயவே நடுங்கியவர் இரண்டு மாதத்தில் இன்னொருவர் வீசி விழுகிறார். பயம் குறைந்தது அவருக்கே தெரிகிறது, யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதைச் சுருக்குகிற இடத்தில் ஆபத்து சாதாரணமானதல்ல. ஜப்பானியப் பள்ளிகளில் 1983-க்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். தலைக்காயம் முக்கியக் காரணம். புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். காலைப் பின்னாலிருந்து அறுத்து மல்லாக்க வீழ்த்தும் ஓசோட்டோ காரி என்ற வீச்சு இந்த இறப்புகள் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. எனவே சேரும் முன் மாஸ்டரிடம் நேராகக் கேளுங்கள்: புதியவரை எத்தனை வாரம் கழித்து ஓசோட்டோ காரியில் விழவிடுவீர்கள்? தலையில் அடிபட்டால் என்ன செய்வீர்கள்? முதல் கேள்விக்கு “முதல் வாரமே” என்றோ, இரண்டாவதற்கு “கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம்” என்றோ பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். தலையில் அடிபட்டவர் அன்றைக்கு மேட்டுக்குத் திரும்பக் கூடாது, மருத்துவர் பார்க்காமல் அதற்குப் பிறகும் கூடாது.

உக்கெமிக்குப் பிறகு உச்சிகோமி. ஒரே வீச்சின் நுழைவை, வீசாமல், திரும்பத் திரும்பச் செய்வது. இப்பொன் சேயோய் நாகே என்ற தோள்வீச்சு என்றால், வலக்கை எதிராளியின் இடது காலரைக் காறை எலும்பு உயரத்தில் பிடித்திருக்கும். இடக்கை அவருடைய வலது கைச்சட்டையை முழங்கைக்குப் பக்கத்தில் பிடித்திருக்கும். முதலில் இடக்கை இழுப்பு: கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பதுபோல மேலும் வெளியிலுமாக. எதிராளி கால்விரல்நுனிக்கு வரும்போது வலது கால் அவருடைய வலது காலுக்கு உட்புறம் நுழையும். இடது கால் பின்னால் சுழன்று பக்கத்தில் வந்து நிற்கும். வலக்கை காலரை விட்டுவிட்டு அவருடைய அக்குளுக்குக் கீழே செருகிக்கொள்ளும். முழங்கால் மடங்கி, இடுப்பு அவருடைய பெல்ட்டைவிடக் கீழே இருக்க வேண்டும். ஒன்பது முறை நுழைந்து வெளியேறி, பத்தாவது முறை வீச வேண்டும். பிறகு முறை மாறும்.

இதில் நூற்றுக்கு எண்பது பேர் சறுக்குவது இடுப்பில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். முழங்காலை மடக்காமல் முதுகை மடக்குகிறார்கள். எதிராளியின் எடை முழுவதும் இடுப்பெலும்புக்கு மேலே ஏறிக்கொள்கிறது. மறுநாள் கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. அடுத்த தவறு, மேலே இழுக்க வேண்டியதைக் கீழே இழுப்பது. கீழே இழுத்தால் எதிராளி பாதம் பதிய இன்னும் உறுதியாக நிற்பார், அசைக்க முடியாது.

ஜூடோ மற்ற பல கலைகளிலிருந்து விலகி நிற்பதும் இந்த இடத்தில்தான். காற்றில் குத்தியோ மூட்டையை உதைத்தோ தனியாகப் பழக இங்கே அதிகம் எதுவும் இல்லை. துணை வேண்டும். அந்தத் துணை விறைத்தும் நிற்கக் கூடாது, முன்கூட்டியே சாய்ந்தும் கொடுக்கக் கூடாது. நிமிர்ந்து, இயல்பாக நின்று, பத்து முறையும் ஒரே மாதிரி உடம்பைக் கொடுக்க வேண்டும். தன் முறை முடிந்ததும் கடனே என்று நிற்கிற துணையோடு ஐம்பது உச்சிகோமி செய்தாலும் ஒன்றும் ஏறாது. 1882-இல் டோக்கியோவில் ஒரு கோயில் வளாகத்தில் கோடோகான் என்ற ஜூடோப் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ ஓர் ஆசிரியர், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவராகவும் நெடுங்காலம் இருந்தவர். ஆற்றலைச் சிறந்த முறையில் பயன்படுத்து, நீயும் பிறரும் சேர்ந்து வளம்பெறு என்று அவர் வைத்த இரண்டு கொள்கைகளில் இரண்டாவது, சுவரில் மாட்டி வைக்கிற வாசகமாக இல்லாமல் வேலை செய்வது உச்சிகோமியில்தான். நீங்கள் வராவிட்டால் உங்கள் துணைக்கு அன்றைக்குப் பயிற்சி இல்லை. மழையிலும் சோம்பலிலும் ஆட்களைக் கிளப்பிக் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் இந்தக் கூச்சம்தான். மன உறுதியைவிட இது நம்பகமானது.

ராண்டோரி மூன்றாவது நான்காவது மாதத்தில் வரும். மூன்று முதல் ஐந்து நிமிடம், இருவரும் எதிர்ப்புக் காட்டியபடி மோதுவது. சேர்ந்தவர்கள் கழன்றுகொள்வது அதிகம் இந்தக் கட்டத்தில்தான், காரணமும் எளிது. உச்சிகோமியில் வெண்ணெய்போல் நுழைந்த வீச்சு எதிர்க்கிற ஆளிடம் ஒருமுறைகூடப் பலிக்காது. நிமிடத்துக்கு ஒருமுறை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியிருக்கும். இத்தனை மாதம் கற்றது எல்லாம் வீணா என்று தோன்றும்.

வீண் இல்லை, எதிராளியின் நிலை குலையாதபோது எந்த வீச்சும் நுழையாது, அந்தக் குலைப்பைக் கற்க ராண்டோரியை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் இதைப் புதியவர் தானாக உணரமாட்டார், மாஸ்டர்தான் காரியத்தை எளிதாக்கித்தர வேண்டும். “இந்த ரவுண்டில் ஜெயிக்க வேண்டாம், பிடி நழுவாமல் பார்த்துக்கொள்.” “மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை ஓசோட்டோ காரிக்கு முயற்சி செய், விழுந்தாலும் பரவாயில்லை.” அல்லது கீழே அமுக்கிய நிலையிலிருந்து தொடங்கி 20 விநாடிக்குள் தப்பிக்கும் பயிற்சி, போட்டியில் 20 விநாடி அமுக்கினால் இப்பொன், ஆட்டம் முடிந்தது. இப்படிச் சின்ன இலக்கு இருந்தால் தோற்றவரும் ஏதோ ஒன்றைச் சாதித்துவிட்டு வீட்டுக்குப் போவார். இலக்கே கொடுக்காமல் “போய் மோது” என்று தள்ளிவிடும் கிளாஸில் முரட்டு உடம்புக்காரர் மட்டும் மிஞ்சுவார்.

தோல்விப் பயம் கண்ணுக்குத் தெரிகிற ஓர் இடம் உண்டு. புதியவர் இரண்டு கைகளையும் விறைப்பாக நீட்டி, இடுப்பைப் பின்னால் தள்ளி, குனிந்து நிற்பார். இப்படி நின்றால் சீக்கிரம் விழமாட்டார், உண்மைதான். ஆனால் இரண்டு நிமிடத்தில் முன்கை மரத்துப்போகும், ஒரு வீச்சுக்கும் அவரால் நுழைய முடியாது, ஆறு மாதம் இப்படியே நின்றால் ஆறு மாதமும் நின்ற இடத்தில்தான். கையைத் தளர்த்தி நிமிர்ந்து நின்று விழச் சம்மதிப்பதுதான் முதல் வருடத்தின் பெரிய தாண்டல். சீனியர்கள் அதற்கு ஒத்துழைக்கிறார்களா என்று பாருங்கள். நல்ல இடத்தில் சீனியர் புதியவர் சரியாக நுழைந்தால் விழுந்துகொடுப்பார், தான் வீசும்போது கைச்சட்டையை விடாமல் மேலே இழுத்துப் பிடித்து விழுகையை மென்மையாக்குவார். புதியவரை மூட்டையாக வைத்துப் பழகும் சீனியர்கள் இருந்தால், அதை மாஸ்டர் பார்த்துக்கொண்டு நின்றால், ஒழுக்கம் என்ற சொல்லைப் பலகையிலிருந்து அழித்துவிடலாம்.

தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டுவதும் அப்படித்தான். கழுத்து நெரிப்பிலோ கைப்பூட்டிலோ மாட்டினால் எதிராளி உடம்பிலோ மேட்டிலோ இரண்டு முறை தட்ட வேண்டும், தட்டிய கணமே விட வேண்டும். நெரிப்பு சரியாக விழுந்தால் சுமார் பத்து விநாடியில் மயக்கம் வந்துவிடும். வீம்புக்கு அங்கே இடமில்லை. தட்டியவரைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் உள்ள கிளாஸில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம்.

பெல்ட் விஷயத்துக்கு வருவோம், குறைசொல்ல நிறைய இருப்பது இதில்தான். 1880-களில் கோடோகானில் பெல்ட் புழக்கத்துக்கு வந்தபோது வெள்ளையும் கறுப்பும்தான். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்ற வண்ண வரிசையை 1930-களில் பாரிஸில் பரப்பியவர் மிகினோசுகே கவாய்ஷி. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே வருடக்கணக்கான தூரம். நடுவில் மைல்கல் வைத்தால் ஆட்கள் தங்குவார்கள் என்ற கணக்கு சரியாகவே பலித்தது. தப்பு, மைல்கல்லை அடிக்கு ஒன்றாக நடுவது. இரண்டு மாதத்துக்கு ஒரு கிரேடிங் (பெல்ட் தேர்வு), ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், சான்றிதழ், போட்டோ. “இதுவரை கிரேடிங்கில் யாராவது ஃபெயில் ஆகியிருக்கிறார்களா?” என்று கேட்டுப்பாருங்கள். யாருமே இல்லை என்றால் அந்த பெல்ட் பணம் கட்டியதற்கான ரசீது. உருப்படியான கிரேடிங்கில் எல்லா வகை உக்கெமி, குறிப்பிட்ட சில வீச்சுகளை நின்றபடியும் நகர்ந்தபடியும் செய்துகாட்டுவது, அவற்றின் ஜப்பானியப் பெயர், இரண்டு அமுக்குகளும் அவற்றிலிருந்து தப்பும் வழியும், கொஞ்சம் ராண்டோரி, இவ்வளவும் இருக்கும். பெல்ட்டுக்காக மட்டும் வருகிறவர் புது நிறம் கிடைத்த அடுத்த மாதம் காணாமல் போவார். எல்லா மாஸ்டருக்கும் இது தெரியும், வெளியே சொல்லமாட்டார்கள்.

கோடோகானிலேயே இதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு: கான்கேகோ, குளிர்காலப் பயிற்சி. ஜனவரியில் தொடர்ந்து சில நாள், விடிவதற்கு முன்பே மேட்டுக்கு வர வேண்டும். யார் ஜெயித்தார், யார் வீசினார் என்ற பேச்சே இல்லை. எல்லா நாளும் வந்தாரா என்பதுதான் கணக்கு. கெட்டிக்காரரும் மந்தமானவரும் ஒரே கோட்டில் நிற்கிற ஒரே இலக்கு இது. பத்து நாள் தொடர் வருகை என்று சின்ன அளவில் எந்த கிளாஸும் இதை நடத்தலாம், செலவே கிடையாது.

குணம் உண்மையில் மாறுகிறதா? சும்மா சேர்ந்தால் மாறிவிடும் என்று நம்ப இடமில்லை. 1981-இல் மைக்கேல் டிரல்சன் வெளியிட்ட ஆய்வு சின்னதுதான், டைக்வாண்டோ பற்றியது, ஆனாலும் யோசிக்கவைப்பது. வம்புதும்புக்குப் போகும் இளைஞர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி. வணக்கம், தியானம், கொள்கை எல்லாம் சேர்த்துப் பாரம்பரிய முறையில் கற்ற குழுவில் முரட்டுத்தனம் குறைந்தது. சண்டை நுணுக்கம் மட்டும் கற்ற குழுவில் கூடியது. 2004-இல் லேக்ஸ், ஹாய்ட் இருவரும் பள்ளிக் குழந்தைகளிடம் மூன்று மாதம் நடத்திய ஆய்விலும் தற்காப்புக் கலை கற்ற பிள்ளைகள் வழக்கமான உடற்பயிற்சி வகுப்புப் பிள்ளைகளைவிடத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதில் முன்னேறினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தங்களையே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள் சொல்லித்தரப்பட்டன: நான் எங்கே இருக்கிறேன், என்ன செய்துகொண்டிருக்கிறேன், என்ன செய்ய வேண்டும்? கவனம் சிதறிய பிள்ளையை அதட்டுவதைவிட இந்த மூன்றைக் கேட்கவைப்பது எவ்வளவோ மேல். தாமதமாக வந்தால் முப்பது தண்டால் என்கிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உடற்பயிற்சி என்றாலே தண்டனை என்று பிள்ளை மனதில் பதிவதுதான் அதனால் கண்ட பலன்.

சொல்லிக்கொடுத்தது எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதற்கு 1964 டோக்கியோ ஒலிம்பிக் சாட்சி. ஜூடோ முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்த ஆண்டு. எடை வரம்பில்லாத பிரிவின் இறுதியில் நெதர்லாந்தின் அன்டன் கீசிங்க், ஜப்பானின் அகியோ கமினாகாவை அவர் மண்ணிலேயே அமுக்கி வென்றார். குதூகலத்தில் மேட்டுக்குள் ஓடிவந்த தன் நாட்டுக்காரர்களை, எழுந்திருக்கும் முன்பே கை நீட்டித் தடுத்தார் கீசிங்க். எதிராளிக்கு வணக்கம் செலுத்தி முடியும்வரை ஆட்டம் முடியவில்லை. கிளாஸ் முடிவில் வணங்குவதை வேகவேகமாக முடித்துவிட்டுச் செருப்பைத் தேடுகிறவர்களை மாஸ்டர் திரும்பக் கூப்பிட்டு நிறுத்துகிறாரா என்பதைக் கவனியுங்கள்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. மேட் 4 சென்டிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும். ஒன்றோடொன்று கோத்துப் போடும் 2 சென்டிமீட்டர் ரப்பர் விரிப்பு வீச்சுக்கு ஆகாது. மேட்டுகளுக்கு நடுவே கால்விரல் நுழையும் இடைவெளி இருந்தால் விரல் முறிவது நிச்சயம். மேட்டை ஒட்டியுள்ள சுவருக்கும் தூணுக்கும் மெத்தை கட்டியிருக்க வேண்டும். கிருமிநாசினி போட்டுத் தினமும் துடைக்காத மேட்டில் படர்தாமரை ஒருவரிடமிருந்து எல்லோருக்கும் பரவும். கழிவறைக்கு வெறுங்காலோடு போய்விட்டு அப்படியே மேட்டில் ஏறுகிறவர்கள் இருந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். நகம் ஒட்ட வெட்டியிருக்கிறதா என்று கிளாஸ் தொடங்கும்போது பார்க்கும் மாஸ்டர், மற்ற விஷயங்களிலும் பெரும்பாலும் சரியாகத்தான் இருப்பார்.

தெருச்சண்டைக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு: முதல் வருடத்தில் கிடைப்பது விழத் தெரிவதும், யாராவது சட்டையைப் பிடித்தால் பதறாமல் இருப்பதும். அதற்கு மேல் சொல்கிறவர் வியாபாரம் பேசுகிறார். ஆறே மாதத்தில் கோபக்காரப் பிள்ளை சாதுவாகிவிடும் என்பதும் அதே ரகம். கழுத்து எலும்புத் தேய்மானம், விழித்திரைக் கோளாறு, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, இவற்றில் எதுவும் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் சேரக் கூடாது. நாற்பதைத் தாண்டியவர்கள் தாராளமாகச் சேரலாம்; ராண்டோரியைக் குறைத்து உச்சிகோமியையும் தரைப்பிடிகளையும் கூட்டிக்கொள்ளச் சம்மதிக்கும் மாஸ்டராகப் பார்க்க வேண்டும், முழங்கால் தப்பிக்கும்.

டிரஸ் வாங்க அவசரம் வேண்டாம். உக்கெமி வாரங்களுக்கு முழுக்கைச் சட்டையும் ஜிப், பொத்தான் இல்லாத கால்சட்டையும் போதும். பல இடங்களில் பழைய ஜூடோ டிரஸ் இரவல் கொடுப்பார்கள். வாங்கும்போது கராத்தே டிரஸை வாங்கிவிடாதீர்கள், முதல் இழுப்பிலேயே தோளில் கிழியும். தொடங்குகிறவருக்குச் சதுர மீட்டருக்கு 350 முதல் 450 கிராம் துணி போதுமானது. போட்டிக்கான 700 கிராம் துணி இப்போது பாரம்தான். பருத்தி என்பதால் முதல் சில துவைப்பில் சுருங்கும், ஒரு சுற்றுப் பெரிதாக எடுத்துக் குளிர்ந்த நீரில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். பெல்ட்டை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்த பிறகு இரு முனையும் 20 முதல் 30 சென்டிமீட்டர் தொங்க வேண்டும். பெல்ட்டைத் துவைத்தால் கற்றது போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், டிரஸோடு சேர்த்து அதையும் துவையுங்கள்.